இருப்பிடம்: வரதன் வீடு

2001ஆம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, செங்கல்பட்டில் தக்காளி கிலோ ஆறு ரூபாய்க்கு விற்ற காலையில், வரதனின் பம்பு அறிவு முழுக்க அவர் மனைவி கோமளத்துக்கு வந்து சேர்ந்தது. கோமளம் அப்போது சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். வரதன் வீட்டில் இல்லை. கொளவாய் ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தார். கோமளம் உருவிய கீரையை முறத்தில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து போய்ச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"ராஜம் அக்கா, மோட்டார நிறுத்து. புட்வால்வு போயிடுச்சு, தண்ணி ஏறாம சும்மா சுத்திகினு கீது. காயில் எரிஞ்சிடப் போவுது."

"உனக்கு இன்னாடி தெரியும் அதெல்லாம்? நேத்து வரிக்கும் சுவிட்ச் போடவே பயந்தவ."

"தெரியுது. நிறுத்து."

பிரித்துப் பார்த்தபோது, குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வு போய்த்தான் இருந்தது. தெருவில் இரண்டு நாள் இதைப் பேசினார்கள். மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரர் தன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சு நின்றுவிட்டது.

இது நடந்தது ஒரு நூலக அட்டையால். அந்த அட்டையை எழுதியவர் லோகநாயகி. முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரமாக இருந்த ஒரு பம்பு கம்பெனியில் அவர் நூலகராக இருந்தார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, தபால் வழியில் படித்து நூலகப் பட்டம் வாங்கியவர். அடுப்படியில் உட்கார்ந்து பகுப்பு எண்களை மனப்பாடம் செய்தவர். கம்பெனி நூலகம் கேண்டீனுக்குப் பக்கத்து அறை. புத்தகங்களில் சாம்பார் வாசனை வீசும். அங்கே வந்து போகிறவர்கள் குறைவு. கேண்டீன் வாசலில் நிற்கிறவர்கள் அவரைப் புக்கு தொடைக்கிற மேடம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர் காதில் விழும். விழாத மாதிரி அவர் புத்தகத்தைத் துடைப்பார். மேசையில் தூசு இருந்தால் தன்னுடம்பில் அழுக்கு இருப்பதுபோல் கூசுகிற பெண்மணி அவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் போட்டு முடித்த வருஷத்தில் கம்பெனிக்குப் புது இயக்குநர் வந்தார். வந்த மாசமே நூலகர் என்ற பதவியை எடுத்துவிட்டு அறிவு மேலாளர் என்று வைத்தார். லோகநாயகியின் பெயர் எழுதிய பித்தளைப் பலகை கதவில் ஏறியது. அறைக்கு ஏசி வந்தது. சாம்பார் வாசனை போனது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். ஊரெல்லாம் கல் உளியின் சத்தம் கேட்கிற இடத்தில், கண்ணாடி அறைக்குள் சத்தம் வராமல் உட்கார்ந்து, அறிவு இரண்டு வகை என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதி வைத்த அறிவு ஒன்று. மனுஷன் மண்டைக்குள் இருக்கிற அறிவு இன்னொன்று. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஆள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது கம்பெனியின் சொத்தும் கூடவே போகிறது, அதைப் போகவிடாமல் வாங்கி வைப்பதுதான் இனிமேல் உங்கள் வேலை என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். லோகநாயகிக்குப் பாதிதான் புரிந்தது. பக்கத்தில் படூர்க் கல்லூரி நூலகர் ரெபேக்காள், நோட்டில் புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புரியுதா?" என்று ரெபேக்காள் கிசுகிசுத்தார்.

"நல்லா புரியுது."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ரெபேக்காள் கோலத்துக்கு இன்னும் ஒரு வரிசை புள்ளி வைத்தார்.

லோகநாயகி முதன்முதலாக ஓய்வுப் பேட்டி எடுத்தது வரதனிடம். இருவரும் செங்கல்பட்டுக்காரர்கள். திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற ஒரே கம்பெனி பஸ்ஸில் வருஷக்கணக்காக வந்து போனவர்கள். வரதன் பம்பு சோதனைப் பிரிவில் தலைமுடி நரைக்கும்வரை நின்றவர். ஒரு வாரம் பேட்டி நடந்தது. அவர் சொல்லச் சொல்ல லோகநாயகி எழுதிக்கொண்டார். எழுதியதைக் கோப்பில் சேர்த்து, அதற்கு ஒரு அட்டை போட்டார். பயிற்சியில் கொடுத்த மாதிரி அட்டையில் இருப்பிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த அறிவு எந்த மனிதரிடம் இருக்கிறது என்று எழுத வேண்டிய கட்டம் அது. அதை விளக்கியபோது லோகநாயகி தலையாட்டியிருந்தார். நூலகத்துக்குள் எது வந்தாலும் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதித்தான் அவருக்குப் பழக்கம். அதன்படி, நூலகம், நான்காம் அலமாரி என்று அழகான கையெழுத்தில் எழுதினார். ஒரு புத்தகம் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். மை காய்ந்ததும் வரதனின் அறிவு நான்காம் அலமாரிக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வரதனுக்குப் பிரிவுபசாரம். கழுத்தில் மாலையோடு அவரைக் கொண்டுபோய்ப் புது பம்பின் முன்னால் நிறுத்தி, கடைசியாக ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். வரதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெகிழ்ந்துவிட்டார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பக்கத்தில் நின்ற லோகநாயகியிடம் குனிந்து, "மேடம், இது இன்னா மிஷினு?" என்று மெதுவாகக் கேட்டார். லோகநாயகிக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கதவிலிருந்த பித்தளைப் பலகை அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரும் கை தட்டினார்.

பிறகு பாய்லர்க்காரர் ஒருவர் ஓய்வு பெற்றார், வார்ப்படப் பிரிவில் ஒருவர் பெற்றார், ஏற்றுமதிப் பிரிவில் ஒருவர் பெற்றார். எல்லோருக்கும் பேட்டி, எல்லோருக்கும் அட்டை. எல்லோரும் வெறும் மண்டையோடு பஸ் ஏறிப் போனார்கள். முதல் தடவை தெரியாமல் நடந்தது. மற்றதெல்லாம் தெரிந்தே நடந்தது. நிறுத்திவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் பலகையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் புத்தகம் துடைக்க விடுவார்கள். நாட்டிலேயே சிறந்த அறிவு மேலாண்மை என்று கம்பெனிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. லோகநாயகி அதை வாங்குகிற புகைப்படத்தைச் சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டினார்கள். ஏசிக் காற்றில் ஆடுகிறது என்று சொல்லி அவர் அதைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்க வைத்தார்.

வரதனுக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. பம்பு கம்பெனியில் இருந்தவர் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் நின்றுபோனால் கூப்பிட வருவார்கள். அவர் போய் அதைச் சுற்றிவந்து, தொட்டுப் பார்த்து, சூடா இருக்குதே என்பார். முதலில் அதைத் தமாஷ் என்று நினைத்தார்கள். பிறகு, இத்தினி வருஷம் அங்க கூட்டிப் பெருக்கினு இருந்தியா அண்ணாத்த என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான். அன்றிலிருந்து வரதன் மோட்டார் சத்தம் கேட்காத ஏரிக்கரைக்குக் காலையிலேயே போய்விடுவார். கூப்பிட வருகிறவர்களிடம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று கோமளம் சொல்வார்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஒரு ஆள் ரிப்பேர் மோட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏறிய வரதன் அதைப் பார்த்துவிட்டு, டிக்கெட் வாங்கும் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தார். பின்சீட்டில் இருந்த லோகநாயகி அதைப் பார்த்தார். மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் வரதனின் அட்டையை உருவினார். நூலகம், நான்காம் அலமாரி என்பதை அடித்துவிட்டு, வரதன் வீடு, செங்கல்பட்டு என்று எழுதினார். நூலகருக்கு இடம்தான் நினைவில் வரும். ஆளை எழுத வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. அறிவு ஒழுங்காக அந்த முகவரிக்குப் போனது. வீட்டில் இருந்தவர் கோமளம்.

அறிவு ஆள் மாறிப் போன செய்தி, ராஜம் மூலமாக ஊரில் பரவி லோகநாயகிக்குத் தெரிந்தது. மற்றவர்களின் அட்டையில் ஆளின் பெயரையே எழுதினார். சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாய்லர்க்காரர் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறிக்கொண்டிருந்தபோது அவருக்கு பாய்லர் திரும்ப வந்தது. பாரம் தாங்காமல் படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மேலே போனார். நூலகத்துக் கோப்புகள் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டன. அவற்றை யாரும் ஒருநாளும் திறந்ததில்லை என்பதால் கம்பெனிக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் கேடயம் வந்தது. லோகநாயகி அதற்குப் பிறகு பேட்டி எடுப்பதுபோல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது வரதன் ஒருவர்தான். தப்பு தெரிந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி ஒரு முழம் மல்லியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கோமளம் கிணற்றடியில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கை முழுக்க கிரீஸோடு, யாருடைய மோட்டாரையோ பிரித்துப் போட்டிருந்தார்.

"வா மேடம். எடுத்த சாமான் வந்து சேந்துச்சான்னு பாக்க வந்தியா?"

"இல்லைங்க. சாரைப் பாத்துட்டுப் போலாம்னு."

"என்னாண்ட அளக்காத. இது வந்தன்னிக்கே கூடவே உன் கையெழுத்தும் வந்துச்சு. கண்ண மூடினா தெரியுது. நான் ஏழாங்கிளாசு. எனக்கு எங்கேர்ந்து வரும் இம்பெல்லரும் பேரிங்கும்?"

லோகநாயகி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டையில் ஒரு பெயரை மாற்றினால் போதும், சாருக்கே போய்விடும் என்று முணுமுணுத்தார்.

"மாத்து. ஆனா ஒண்ணு. அவர் உள்ளதான் கீறாரு. போயி அவர் மூஞ்சியப் பாத்து, நான்தான் எடுத்தேன்னு உன் வாயால சொல்லு. அந்த மன்ஷன் தனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சி ரெண்டு வருசமா சாவறாரு. நீ சொன்னா நாளைக்கே என் தலைலேர்ந்து எடுத்துக்கோ, ஏன்னு கேக்க மாட்டேன். சொல்லாம ஒரு எழுத்து மாத்துனே, கம்பெனி கேட்டாண்ட வந்து கத்துவேன்."

லோகநாயகி உள்ளே போனார். வரதன் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். கூட்டம்தான் சார் என்று லோகநாயகி சொன்னார். வெயில் அதிகம் என்று அவர் சொன்னார். ஆமாம் சார் என்று இவர் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது, கோமளம் நிமிர்ந்து பார்த்தார், திரும்பவும் மோட்டாரில் குனிந்தார்.

இப்படியே ஆறு வருஷம் போனது. ஞாயிறு தவறாமல் லோகநாயகி வந்தார். தெருமுனையில் திரும்பும்வரை அந்த வாக்கியம் வாயில் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதுவும் கழன்றுவிடும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைகூட, கடற்கரையிலிருந்து ஜனங்கள் ஓடிவந்த செய்தியைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனார். மல்லி முழம் ஐந்து ரூபாயிலிருந்து பதினைந்துக்குப் போனது. கோமளம் பம்பு அம்மா ஆகிவிட்டார். மதுராந்தகத்திலிருந்துகூட டெம்போ வைத்து மோட்டார் கொண்டு வந்தார்கள். வருகிறவர்கள் வரதனைப் பார்த்து மெக்கானிக் நீங்களா என்று கேட்பார்கள். இல்லை, அவங்க என்று கிணற்றடியைக் காட்டிவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். இரவில் கோமளம் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். கிரீஸ் போகும், வாசனை போகாது. அந்த வாசனைக்காக வரதன் கொஞ்சம் தள்ளிப் படுப்பார்.

2007இல் லோகநாயகிக்கு ஓய்வு வந்தது. அவர் இடத்துக்கு இனியன் என்பவரை எடுத்திருந்தார்கள். நூலகப் பட்டத்தோடு அறிவு மேலாண்மைப் பட்டயமும் படித்தவர், பணிவானவர், சட்டை மடிப்புக் கலையாதவர். முதல் பேட்டி லோகநாயகியிடம்தான் என்று கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தார். அட்டையில் எழுதுகிற வழக்கம் ஒழிந்துவிட்டது. இருப்பிடம் என்ற கட்டத்தில் அனைத்துப் பிரிவுகளும் என்று முன்கூட்டியே நிரப்பி வந்திருந்தது. அதை மாற்ற முடியாது. லோகநாயகி அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை இனி எத்தனை பேரை வெறுமையாக்கி அனுப்புமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் திறக்கும் என்றும் தோன்றியது.

"தம்பி, நல்லா கேட்டுக்கோ. பம்பு செக்‌ஷன் வரதன் சாரோட அறிவ, அட்டையில இடத்தத் தப்பா எழுதி, நான்தான் எடுத்தேன். எடுத்தது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் அவர்கிட்ட சொல்லல. அவர் மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

இனியன் ஒரு எழுத்து விடாமல் தட்டி, சேமித்தார். லோகநாயகி தண்ணீர் குடித்தார்.

"என்னமோ சொல்லிட்டு இருந்தேனே?"

"முடிஞ்சுது மேடம். பதிவாயிடுச்சு."

லோகநாயகி எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி எழுந்து போனார். அந்த நிமிஷத்தில் கம்பெனியில் எல்லோருடைய தலையும் குனிந்தது. இயக்குநர் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கணக்குப் பிரிவில் உப்பிலி பேனாவை மூடினார். கேண்டீன் மாஸ்டர் தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றார், தோசை கருகியது. தாங்கள் வரதன் என்ற மனிதரிடமிருந்து எதையோ எடுத்துவிட்டதாகவும், அதைச் சொல்லாமல் இருப்பதாகவும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் யாரும் யாரிடமும் பேசவில்லை. ஓய்வுப் பேட்டிகள் மறுநாளே நின்றன. தரையைப் பார்த்தே நடக்கிறார்கள் என்பதால் சில மாசத்தில் நல்ல டைல்ஸ் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநரின் கார் வரதன் வீட்டுத் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. அவர் இறங்கி நடந்துவந்தார். பின்னால் உப்பிலி, அவருக்குப் பின்னால் கேண்டீன் மாஸ்டர், அப்புறம் ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய், வரதனின் முகத்தைப் பார்த்து, "நான்தான் சார் எடுத்தேன்" என்றார். வரதன் நாற்காலியைத் தட்டிப் போட்டபடி, "பரவால்ல, உக்காருங்க. எத்த எடுத்தீங்க?" என்று கேட்டார். அது அவர்களுக்குத் தெரியவில்லை. தன் புத்திதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்த மனிதருக்கு, இத்தனை பேர் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய சாமானாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

கோமளம் ஸ்பேனரோடு வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் லோகநாயகி மல்லியும் பழமுமாக வந்தார். ஞாயிறு அந்த வீட்டுக்கு வருவது அவருக்கு மறக்கவில்லை. எதற்கு வருகிறோம் என்பதுதான் நினைவில் இல்லை. முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா மேடம்?" என்று கோமளம் கேட்டார்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? இன்னிக்கு பஸ் காலி. என்ன இவ்ளோ கூட்டம், விசேஷமா?"

உள்ளேயிருந்து வரதன் பதில் சொன்னார். "ஆபீஸ்காரங்கம்மா. எங்கிட்டேர்ந்து இன்னாவோ எடுத்துட்டாங்களாம்."

"எடுத்தா திருப்பிக் குடுக்கணும்ல சார்? படிச்சவங்க, இது கூடவா தெரியாது? வெக்கமா இல்ல இவங்களுக்கு?"

கோமளம் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம் இந்தப் பெண் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தது அவருக்குத் தெரியும். திறந்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒரு மூலையில் நினைத்துக்கொண்டதும் அவருக்குத்தான் தெரியும். தலை குனிந்து நின்றிருந்த இனியன், பேட்டியைத் தட்டியவர் என்பதால் அட்டை விஷயம் தெரிந்தவர், பக்கத்தில் வந்து, பழைய அட்டைகள் கிடங்கில் இருக்கின்றன, சார் பெயரை எழுதிவிடட்டுமா அம்மா என்று கேட்டார். கோமளம் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டார்.

அது காதில் விழுந்து வரதன் வெளியே வந்தார். மடியில் இருந்த ஸ்பேனரையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார்.

"வேணாம் தம்பி. அவ நல்லா செய்யறா."

கோமளம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பல நாள் பார்க்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் சேர்ந்த அன்றே அந்த வெட்கம் வந்துவிடுகிறது. அவர்களும் வருகிறார்கள். தெருமுனையில் ஒருவர் சுண்டல் வண்டி போட்டிருக்கிறார். கூட்டம் முட்டாமல் வாசலில் வரிசை போடுவதும், சத்தம் போடாமல் ஒருவர் ஒருவராகப் போங்கள் என்று அனுப்புவதும் லோகநாயகி. அவருக்கு அந்த வேலை நன்றாக வருகிறது. கிணற்றடியில் மோட்டார் ஓடுகிறது. வரதன் உள்ளே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் பரவாயில்லை என்று சொல்கிறார்.